நீர்த்த பசை

பிடரியில் தொடங்கிய வலி முதுகெலும்பு வழியாக இறங்கி இப்போது வால் எலும்பில் வந்து குந்திக்கொண்டது, கிளம்பு என்று சொல்ல முடியாத விருந்தாளி மாதிரி, இனி ராத்திரி படுக்கிறவரை போகாது, படுத்தாலும் கூடவே படுக்கும்... இரண்டு மணியிலிருந்து மைக்ரோஸ்கோப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தால் வேறென்ன ஆகும், மூட்டை தூக்கி முதுகு போனவர்களுக்கு நடுவில் வளர்ந்தவள் அவள், சிரிக்கத்தான் தோன்றுகிறது, அவள் தூக்கப் பார்ப்பது நகத்துணுக்கை விடச் சின்ன ஒரு கல், அதுவும் இன்னும் தூக்கின பாடில்லை. கல் என்பது லேபில் எல்லோரும் சொல்கிற பேச்சு, கட்டுரையில் எழுதும்போது கரிமக் குறைக்கடத்திப் படிகம். சிவப்பு, மீன் செதில் மெலிசு, இரண்டு செம்புக் கட்டைகளுக்கு நடுவில் பாலம் போட்ட மாதிரி நிற்கிறது, இரண்டு முனையிலும் வெள்ளிப் பசை, மூன்று வருடத்துக்கு முன் அவள் கையால் வைத்தது, இந்த வகைக் கல் எதிலும் இல்லாத வேகத்தில் சூடு ஓடுகிறது என்று பேர் வாங்கிக் கொடுத்த கல். அதைப் பெயர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நாலு மணிக்குள் கூட்ட அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பேராசிரியர் காலையில் சொன்னார், "நம்பரை எவன்மா பார்க்கப் போறான், வர்றவன் கல்லைத்தான் பார்ப்பான், கொண்டாந்து கண்ணு முன்னால வை", சொல்லிக்கொண்டே பேனா மூடியால் காது குடைந்தார், குடைந்த மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு அதே பேனாவை நீட்டி ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டாள், என்ன செய்வது, போட்டுவிட்டுப் போய் மூன்று தடவை சோப்பில் கை கழுவினாள், கழுவியும் விரல் நுனியில் அந்த மஞ்சள் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதே விரலால்தான் கல்லை நெம்பிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு சொட்டுக் கரைப்பான். நகப்பூச்சு அழிக்கிற நாற்றம், மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி நாக்கின் அடியில் இனிப்பாகத் தங்குகிறது, மதியம் சாப்பிட்டதை அது எழுப்பிவிடும் போலிருக்கிறது. பசை இளகட்டும், இளகுகிறவரை காத்திருக்கத்தான் வேண்டும், இந்தத் தொழிலே காத்திருப்பதுதான்... ஒரு பக்கம் சூடு வைக்கணும், மறு பக்கம் குளிர வைக்கணும், நடுவில் கல், காற்றில்லாத குடுவைக்குள் வைத்து மூடிவிட்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எத்தனை வித்தியாசம் என்று முடி மெலிசுக் கம்பி வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கணும். சூடு எப்படிப் போகிறது என்று ஒரு தடவை மாணவர்களுக்கு அவள் சொன்னாள், கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுகிற வரிசை பார்த்திருக்கிறீர்களா, தோளோடு தோள் நின்றால் கல் கீழேயிருந்து மாடிக்குப் பறக்கும், செம்பு அப்படி, வைரம் அதைவிட, ஆனால் நம்ம கல்லில் நிற்கிற மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கிற ஆட்கள், நின்ற இடத்திலேயே குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறவர்கள், பக்கத்து ஆளிடம் கொடுப்பதற்குள் பாதிச் செங்கல் காலில் விழும், பக்கவாட்டில் கொஞ்சம் நெருக்கம், அதனால் கொஞ்சம் நகரும், மேலிருந்து கீழே இன்னும் இடைவெளி, அதனால் இன்னும் மோசம். அந்த வரிசையில் நின்றவள் அவள் அம்மா, தலையில் சும்மாடு வைத்து, ஆறு மாதம், இடுப்பு விட்டுப்போகிற வரை. அடுத்த வாரமே பேராசிரியர் ஒரு மேடையில் அதையே சொன்னார், "செங்கல் வரிசையை நினைச்சுக்குங்க" என்று, செங்கலைத் தன் வாழ்நாளில் கையில் எடுத்தே இருக்காத மனிதர், கூட்டம் கைதட்டியது. உவமைதானே, போகட்டும். ஆனால் அம்மாவின் சும்மாட்டை எடுத்து அவர் கைக்குட்டையாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அவரைத் திட்டவும் முடியாது, அதுதான் இதில் பெரிய அருவருப்பு. ஒன்பது வருடத்துக்கு முன் நாலு இடத்தில் உதட்டைப் பிதுக்கி அனுப்பினார்கள், இவர் ஒருத்தர்தான் அப்பா என்ன வேலை என்று கேட்காமல் சேர்த்துக்கொண்டவர். அப்பா சாயப் பட்டறையில் கொதிகலனுக்குக் கரி தள்ளினவர், உள்ளங்கை காய்ச்சுக் காய்ச்சு எருமைத் தோல் மாதிரி, நெருப்புக் கங்கை வெறும் கையால் நகர்த்திவிட்டு ஒன்றுமில்லை என்பார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், வெட்கமில்லை, ஆனால் கேட்கவில்லை பார், அதற்கு ஒரு நன்றி இருந்தது, அந்த நன்றியை வைத்தே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டார், தற்காலிகம், தற்காலிகம், தற்காலிகம். இன்றைக்கு வருகிறவர்கள் மடக்குகிற திரை செய்கிற கம்பெனிக்காரர்கள், திரைக்குள் சூடு தேங்கினால் திரை செத்துவிடும், சூட்டை வேகமாக வெளியே தள்ளுகிற கல் இருக்கிறதென்றால் அவர்களுக்கு அது அமுதம். "இவங்க மட்டும் தலையாட்டட்டும், திங்கக்கிழமை உன் நிரந்தர ஆர்டர் உன் மேஜையில இருக்கும்மா." நாலு புள்ளி ஒன்று. அதுதான் எண். சாதாரணக் கண்ணாடியைவிட நாலு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிற கரிமக் கல். அவள் அளந்த எண்.

இளகிவிட்டதா? இடது முனை அசைகிறது, வலது இல்லை. வலது முனையில் பசை நிறையப் போயிருக்கிறது, நிறைய என்றால் தண்ணியாக, அப்படித்தான் வைப்பாள், ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டுப் பசையை நீர்க்க வைத்துவிட்டு, தொட்டால் போதும், தானாகப் பரவும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அம்மாவிடம் கற்றது. இடுப்பு விட்ட பிறகு அம்மா வீட்டில் காகிதப் பை ஒட்டினாள், கடைக்காரன் அளந்து கொடுக்கிற ஒரு டப்பாப் பசை, அதில் ஆயிரம் பை வரணும், வராது, அதனால் தண்ணீர். "தண்ணியா இருந்தாத்தான்டி மடிப்புக்குள்ள போவும், கெட்டிப் பசை மேலேயே நிக்கும் மைனர் மாதிரி, இது தானா ஊரும் பாரு", ஊரும், உண்மைதான், மடிப்பின் ஓரத்தில் விரலால் இழுத்தால் காகிதத்துக்கு அடியில் ஈரம் இருட்டாக ஓடுவதை அவள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், கணக்குப் பாடம் போட்டுக்கொண்டே ஒரு கையால் ஒட்டியிருக்கிறாள், பசை காய்ந்து விரல் தோல் பாம்புச் சட்டை மாதிரி உரியும், அந்தப் புளித்த நாற்றத்தோடுதான் பள்ளிக்கூடம் போவாள், பக்கத்துப் பெண் பெஞ்சில் தள்ளி உட்காருவாள். வெள்ளிப் பசை சின்னக் குப்பியில் வரும், விலை கேட்டால் மயக்கம் வரும், மற்றவர்கள் ஒரு குப்பியை ஒரு மாதத்தில் தீர்ப்பார்கள், அவள் நாலு மாதம் வைத்திருந்தாள், பேராசிரியர் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார், "இந்தப் பொண்ணைப் பார்த்துக் கத்துக்குங்கடா", அன்றைக்கு அவளுக்கு எத்தனை பெருமை, அம்மாவிடம் வந்து சொன்னாள், அம்மா அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூங்கவில்லை.

எறும்புதான் நீர்க்கவிடமாட்டேன் என்றாள். எறும்பு, அப்படித்தான் லேபில் பேர், ஒல்லி, அவசரமே படாதவள், இடுக்கி வேண்டாம் என்று ஒற்றை முடியின் நுனியில் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பாள், ஒரு கல் ஒட்ட நாற்பது நிமிஷம், கெட்டிப் பசையைக் கடுகு மாதிரி உருட்டி முனையில் உட்கார வைப்பாள். இவளுக்குக் கீழே ஆராய்ச்சி செய்ய வந்த பெண், அக்கா அக்கா என்று பின்னாலேயே நின்றவள். "அக்கா, உங்க பசை ஊருது, பார்த்தீங்களா?" "ஊராம, நடந்தா போவும்?" என்று இவள் சிரித்தாள், கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். பதினொரு கல் அளந்தாள் எறும்பு, பதினொன்றிலும் புள்ளி நாலு, ஒன்றில் கொஞ்சம் கூட, ஒன்றில் கொஞ்சம் குறைய, புள்ளி நாலு. பத்தில் ஒரு பங்கு. இவள் அளந்தது ஐந்து கல், மூன்றில் நாலுக்குப் பக்கம், இரண்டில் ஒன்றுக்கும் கீழே, அந்த இரண்டும் கெட்ட கல் என்று பேராசிரியர் தூக்கிப் போட்டார், அவரா போட்டார்? அவர் சொன்னார், குப்பையில் போட்டது யார் கை? எறும்பின் ஆய்வேட்டைப் பார்க்க மூன்று பேர் உட்கார்ந்த அன்று நீள மேஜையின் ஓரத்தில் இவளையும் உட்கார வைத்தார்கள், இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்துக்கு என்ன காரணம், நீங்கதானே பக்கத்துல இருந்து பார்த்தவங்க, சொல்லுங்க. சொன்னாள். கல் தொடுகிற பக்குவம் போதாது, வேர்வைக் கை, கல் மேல் அழுக்கு படிந்தால் எண் விழும். எல்லாம் ஒரு மூச்சில், தண்ணீர் குடித்துக்கொண்டே. எறும்பு இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்தாள், நகம் ஒட்ட வெட்டின கை, "என் கை சுத்தமாத்தான் இருக்கு அக்கா", அந்த இடத்தில் போய் அக்கா என்றாள் பார், மூன்று பேரில் ஒருத்தர் சிரித்துவிட்டார், ஆய்வேடு திரும்பி வந்தது, அடுத்த மாதம் எறும்பின் நாற்காலியில் துணிப்பைகள் வைத்திருந்தார்கள்.

"என்னம்மா, இன்னும் கல்லைத் தாலாட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்று பம்ப்காரர் உள்ளே வந்தார், காற்றை உறிஞ்சுகிற பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவர், இடுப்பில் எண்ணெய்த் துணி, அந்தத் துணியில்தான் கையும் துடைப்பார் மூக்கும் துடைப்பார். கருகின எண்ணெய் நாற்றம் அறைக்குள் வந்தது. "கூட்ட ரூமுல பூவெல்லாம் வச்சாச்சு, பிளாஸ்டிக் பூவு, தூசி தட்டக்கூட இல்ல. பெரியவரு கண்ணாடி முன்னால நின்னு மீசையை ஒதுக்கிக்கிட்டு இருக்காரு, பொண்ணு பார்க்க வர்ற மாதிரி." அவர் பம்பின் மேல் காதை வைத்துக் கேட்டார், "இது கக்குது. எண்ணெய் கக்குதும்மா, இந்தக் குடுவைக்குள்ள கொஞ்சம் போயிருக்கும், பார்த்துக்குங்க. அந்த எறும்புப் பொண்ணு இருந்தா மோப்பம் புடிச்சுச் சொல்லிப்புடும்." ஏன் இன்றைக்கு எல்லோரும் அவளையே பேசுகிறார்கள், எல்லோருமா, இவர் ஒருத்தர்தானே. போன மாதம் போனில் கண்ணாடி கீறிவிட்டது என்று பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் நீட்டினாள், வாங்கின கை நகம் ஒட்ட வெட்டின கை. நிமிர்ந்து பார்த்தாள் எறும்பு. புதுக் கண்ணாடியை ஒட்டினாள், ஒரு குமிழ் இல்லை, ஒரு தூசி இல்லை, துடைத்துக் கையில் கொடுக்கும்போது, "நாலு புள்ளி ஒண்ணு நல்லா இருக்கா அக்கா?" என்றாள், பிள்ளை சௌக்கியமா என்று கேட்கிற மாதிரி. கேலியா? கேலி என்றால் தாங்கியிருக்கலாம்.

போன் அடித்தது, அம்மா. "நாலு மணிக்குத்தானே? தலை வாரினியா? எண்ணெய் வழியப் போய் நிக்காத." சரிம்மா. "எதிர் வீட்டுக்காரி கேட்டா, உன் பொண்ணு என்னதான் வேலை பாக்குறான்னு. சூட்டை அளக்குறாடின்னு சொன்னேன். காய்ச்சலுக்கா நர்ஸாங்கிறா, கழுதை." சரிம்மா, வைக்கிறேன், கையில் வேலை. "திங்கக்கிழமை நிச்சயந்தானே?" நிச்சயம்தான்மா. சொல்லும்போதே வலது முனை அசைந்தது, ஒரு வழுக்கல், கல் இரண்டு கட்டையையும் விட்டு விலகிக் கரைப்பான் ஈரத்தில் மிதந்தது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே ஒற்றை முடியின் நுனியால் தொட்டாள், தூக்கலாம் என்று தொட்டது, கல் புரண்டுவிட்டது, சும்மா, கரப்பான்பூச்சி மல்லாந்து விழுகிற மாதிரி, அடி வயிற்றைக் காட்டிக்கொண்டு.

வெள்ளி. முனையில் இல்லை. முனையிலிருந்து முனை வரை. சிவப்புக் கல்லின் அடியில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நத்தை ஊர்ந்த தடம் போல மினுமினுவென்று ஒரு பட்டை, சில இடத்தில் அகலம், நடுவில் கொஞ்சம் ஒடுக்கம், ஆனால் அறுபடவில்லை, எங்கேயும் அறுபடவில்லை, கனம் முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, போதும், வெள்ளிக்கு அது போதும், மொத்தச் சூடும் அதன் மேல் ஏறி ராஜபாட்டையில் போயிருக்கும்... கல்லின் வழியாக ஏன் போகணும், தடுமாறி நிற்கிற ஆட்களிடம் ஏன் செங்கலைக் கொடுக்கணும், பக்கத்திலேயே சறுக்கு மரம் போட்டு வைத்திருக்கும்போது. மூன்று வருடம் உலகத்துக்கு இந்தக் கல் இப்படிக் கடத்துகிறது அப்படிக் கடத்துகிறது என்று சொன்னதெல்லாம் இந்தப் பசையைத்தான். ஊரின பசையை. அம்மாவின் பசையை. வாயில் எச்சில் ஊறியது, இனிப்பான எச்சில், வாந்திக்கு முன்னால் வருகிற எச்சில், போனில் அம்மா ஹலோ ஹலோ என்றாள், இவள் வைத்துவிட்டாள். பம்ப்காரர் எப்போது போனார் என்று தெரியவில்லை. சரி, பதறாதே, ஒருவேளை இப்போது கரைப்பான் விட்டதில் பரவியதோ? இப்போது பரவியிருந்தால் ஈரமாக, கலங்கலாக இருக்கும், இது காய்ந்து பொருக்குத் தட்டின பழைய வெள்ளி, ஓரத்தில் விரிசல்கூட விட்டிருக்கிறது, தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் ஒரு அளவு இருக்கிறது. மேஜை இழுப்பறையில் மீட்டர் இருந்தது, எறும்பு ஒவ்வொரு கல்லையும் ஒட்டி முடித்ததும் வைத்துப் பார்ப்பாளே, இரண்டு முனையிலும் இரண்டு முள், குறைக்கடத்தி என்று பேர்தானே தவிர மீட்டர் கத்துகிற அளவுக்கு மின்சாரம் இதில் ஓடாது, கத்தினால் நடுவில் வேறு ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். வைத்தாள். பீ... என்றது.

அந்தச் சத்தம் புதிதில்லை. அதுதான். இந்த அறையில், இதே கல்லின் மேல், இதே சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். மூன்று வருடம் முன்பு, ஒட்டி முடித்த அன்று, எறும்பு செய்கிறாளே நாமும் செய்வோம் என்று முள்ளை வைத்தாள், பீ என்றது. முள் இரண்டும் ஒன்றோடொன்று பட்டிருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைத்துக்கொண்டாளா? மறுபடி வைத்துப் பார்த்திருக்கலாம், இரண்டு நொடி வேலை. மீட்டரை அணைத்தாள். நோட்டில் தேதி எழுதினாள், கல்லின் நீளம் எழுதினாள், அகலம் எழுதினாள், பசை வைத்த நேரம் எழுதினாள், சத்தத்தை எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறவள். வீட்டில் பை எண்ணி எண்ணி எழுதிப் பழகினவள். அப்போ இத்தனை நேரம் பசை மேல் பழி போட்டாளே, அம்மா மேல் போட்டாளே, தண்ணி விட்ட ஏழ்மை மேல் போட்டாளே, ச்சீ... அம்மாவின் பை ஒன்றுகூடப் பிரிந்ததில்லை, ஒட்டி முடித்ததும் ஒவ்வொன்றையும் ஊதிப் பார்ப்பாள் அம்மா, காற்றுப் போனால் எடுத்துத் தனியாக வைப்பாள், கடைக்காரன் பார்க்கமாட்டான் என்றாலும் வைப்பாள்.

"ஆச்சாம்மா?" பேராசிரியர், சட்டையில் செண்ட் வாடை, அதற்கு அடியில் மதியம் தின்ற வெங்காய வாடை. அவள் எழுந்து இடம் விட்டாள், சார் கொஞ்சம் பாருங்க என்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் ஒரு சுற்று சுற்றி வந்தது, இன்னொரு சுற்று போனது. அவர் கழுத்தின் பின்னால் மயிர் வெட்டினவன் விட்டுவிட்ட மூன்று நீள முடிகள், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாதவர் இல்லை, நாற்பது வருடம் இதிலேயே கிடந்தவர், பார்த்த மாத்திரத்தில் தெரியும். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை, வாய்க்குள் நாக்கால் பல்லிடுக்கை நோண்டினார், ஏதோ கிடைத்தது, தின்றார். "கழுவிடு" என்றார். சார்? "கழுவிடும்மா. கல்லுதானே காட்டப் போறோம், பசையையா காட்டப் போறோம்? நல்லா கழுவிட்டுப் பெட்டியில வை. பத்து நிமிஷம் இருக்கு." சார், அந்தப் பொண்ணோட புள்ளி நாலு... "எந்தப் பொண்ணு?" என்று கேட்டார், நிஜமாகவே யோசிக்கிற முகம், நடிப்பில்லை, மறந்தே போயிருக்கிறார், அதுதான் குமட்டியது, அவருக்கு அது தூக்கிப் போட்ட நகம். கதவுவரை போய்த் திரும்பினார், குரலை இறக்கினார், "ஒன்பது வருஷம்மா. உனக்காகத்தான் சொல்றேன்." அவளுக்காகத்தான். அதுவும் பொய்யில்லை.

கழுவலாம். குப்பி நிறையக் கரைப்பான் இருக்கிறது, பத்து நிமிஷம் வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும், வெள்ளி கரைந்து ஓடிவிடும், பிறகு யார் வந்து யார் கேட்டாலும் கல் சிவப்பாக இருக்கும், எறும்பின் கை அழுக்காகவே இருக்கும். கழுவவில்லை. முடியின் நுனியால் கல்லைத் தூக்கினாள், கண்ணாடிப் பெட்டியின் வெல்வெட் மேல் வைத்தாள், வெள்ளி மேலே தெரியும்படி. மல்லாத்தி. தெரியட்டும். பார்க்கிற எவனுக்காவது தெரியட்டும். அந்தப் பெட்டியை இரண்டு கையால் ஏந்திக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தபோது வால் எலும்பில் வலி இல்லை, வயசு பத்து குறைந்த மாதிரி இருந்தது, இவ்வளவுதானா, இவ்வளவு சுளுவா, இதற்கா மூன்று வருடம்...

வந்தவர்கள் மூன்று பேர், இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி, அந்தப் பெண்மணிதான் மேலிடம் என்று மற்றவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பிளாஸ்டிக் பூவின் தூசியில் யாரோ விரலால் கோடு போட்டிருந்தார்கள். பேராசிரியர் செங்கல் வரிசையைச் சொன்னார், நாலு புள்ளி ஒன்றைச் சொன்னார், பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தினார், நகர்த்தும்போதுதான் பார்த்தார், கை ஒரு நொடி நின்றது, ஒரே நொடி. பெண்மணி பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். கேள், கேள், இது என்ன என்று கேள்... "அட, எவ்வளவு அழகா மின்னுது! நான் வெறும் சிவப்பா இருக்கும்னுல்ல நினைச்சேன்", தன் ஆட்களிடம் காட்டினாள், அவர்களும் தலையை நீட்டி அழகு என்றார்கள். அப்புறம் நிமிர்ந்து, "இந்த வெள்ளிக் கோடு என்னது?" என்று கேட்டாள். கேட்டேவிட்டாள். பேராசிரியர் சிரித்தார், மீசை ஒதுங்கியது, "அது அளக்கறதுக்காக நாங்க பூசறதுங்க, அளந்து முடிச்சதும் கழுவிடுவோம். கல்லு அளந்தது அளந்தபடியே இருக்கட்டும்னு எடுத்துட்டு வரச் சொன்னேன்", சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார், எல்லோரும் திரும்பினார்கள், "இல்லையாம்மா?"

"ஆமா சார்."

யார் சொன்னது? அவள் வாய்தான். அந்த இனிப்பு எச்சில் மறுபடி ஊறியது, விழுங்கினாள், முழுசாக விழுங்கினாள், வேறு எங்கே துப்புவது இந்த அறையில். பெண்மணி புன்னகைத்து, "ரொம்பப் பொறுமையான கை வேணும் இதுக்கு" என்று அவள் கையைப் பார்த்தாள். அவள் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

லேபுக்குத் திரும்பியபோது மணி ஐந்து, பம்ப் கக்கிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது, செம்புக் கட்டைகள் இரண்டும் நடுவில் பாலமில்லாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. பெட்டி அவள் கையில்தான் இருந்தது, அவர்கள் பார்த்து முடித்ததும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள், பத்திரமா வைம்மா என்று. வலி வால் எலும்புக்குத் திரும்பிவிட்டது, ஸ்டூலில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெள்ளியை மேலே காட்டி வைத்தோமே, அது தைரியம் என்றல்லவா நினைத்துக்கொண்டு நடந்தாள், தாழ்வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு... தைரியமா அது? வேறு யாராவது பார்த்துவிடட்டும், வேறு யாராவது சொல்லிவிடட்டும், நாம் வாய் திறக்காமலே உண்மை தானாக ஊர்ந்து வெளியே வந்துவிடட்டும். பிடிபடத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள், சொல்ல ஆசைப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் இத்தனை தூரம் இருக்கிறது என்று முப்பத்தெட்டு வயது வரை தெரியாமலே இருந்தது.

போனை எடுத்தாள். அம்மாவின் தவறிய அழைப்பு நாலு. அதைத் தள்ளிக்கொண்டு கீழே போனாள், கீழே, இன்னும் கீழே, மூன்று வருடம் கீழே, எறும்பு, கடைசிச் செய்தி, அந்தப் புதுக் கண்ணாடியின் மேல் ஒரு குமிழ்கூட இல்லாமல் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அக்கா, கல்லைத் திருப்பிப் பார்த்தீங்களா. அவ்வளவுதான். கேள்விக்குறிகூடப் போடவில்லை. படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு, அன்றைக்கே படித்தாள், அன்றைக்கே, ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சாப்பிட்டாள். பெட்டிக்குள் கல் மல்லாந்து கிடந்தது, ஜன்னல் வெளிச்சத்தில் பட்டை மினுக்கியது. கட்டை விரலை எழுத்துகளின் மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள், திரையில் விரல் சூடு ஒரு பனிப் பொட்டு போலப் படிந்து மெல்ல மெல்ல ஆறியது. புள்ளி நாலு எறும்புடையது. எறும்பின் கை சுத்தம். இந்த இரண்டும் எறும்புக்குத் தர வேண்டிய பாக்கி, மூன்று வருடமாக, இன்னும் தரவில்லை.